கை எடுத்த பின்னும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலி தொடங்குகின்றது. சங்கர பண்டிதரையும் அவர் மைந்தர் சிவப்பிரகாச பண்டிதரையும் தந்த ஊர் என்று கற்றோர் அதனை அறிவர். வாழைக்குலைகளால் ஏனையோரும் அறிவர். வீதியின் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். தோட்டத்துக்கு ஒரு கிணறு. கிணற்றுக்கு ஒரு நீரிறைக்கும் மோட்டர். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில் நிலத்தடி நீரே பயிருக்கு உயிர். அத்தகைய தோட்டம் ஒன்றன் ஓரத்தில், தகரக் கூரையுடன் கூடிய தச்சுப்பட்டறை ஒன்று உண்டு. சென்ற வைகாசியில் அங்கு நிகழ்ந்த சம்பவம் ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது.

சம்பவம் சிறியதே. வெட்டலகு ஒன்று முறிந்தது. மரத்திற் செதுக்கிய தாமரையின் இதழ்கள் இரண்டு உடைந்தன. முதியவர் ஒருவரின் விரலில் நான்கு தையல்கள் போடப்பட்டன. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் வேலை இழந்தான். எந்தச் செய்தித்தாளும் இதனைப் பொருட்படுத்தியிராது. ஆயினும், யார் இட்ட கட்டளைக்கு அந்த இயந்திரம் நகர்ந்தது என்னும் வினா அப்பட்டறையில் எழுந்தது. அதற்கு விடை காணப் பதினொரு நாட்கள் சென்றன. அப்பதினொரு நாட்களும் ஓர் இளைஞன் குற்றவாளியாகவே கருதப்பட்டான்.

பட்டறையின் உரிமையாளரை ஊரவர் ஓடாவியார் என்றே அழைப்பர். அறுபது வயதைத் தாண்டியவர். தந்தையிடம் உளி பிடிக்கக் கற்றவர். 1990 ஆம் ஆண்டிற் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது அவருடைய வேலை நிற்கவில்லை. வாளும் சீவுளியும் உளியும் மின்சாரத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பொருட்களுள் உளிப்பையும் ஒன்று. அந்த உளிகளுட் சில இன்றும் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன.

அவருடைய மகன் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்றவர். கையாற் செதுக்கும் கதவுக்குக் காத்திருக்க இக்காலத்தில் எவரும் ஆயத்தமாயில்லை என்பதை உணர்ந்த அவர், சேமித்த பணத்துடன் கடனும் பெற்று, முன்னர் ஒருவர் பாவித்த சி.என்.சி. இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். அதன் மேசை எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உடையது. மேசையின் மீது குறுக்குப் பாலம் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். அப்பாலத்தில் வெட்டலகைத் தாங்கிய ஸ்பிண்டில் இடமும் வலமும், மேலும் கீழும் ஓடும். இவ்வாறு மூன்று திசைகளில் அமையும் நகர்வுகளைக் கணனி ஒன்று ஆளும். கணனி அனுப்பும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் மோட்டர் ஒரு சிறு படி திரும்பும். இத்தகைய மோட்டர்கள் பொதுவாக ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் கொண்டவை. ஆதலால், எத்தனை துடிப்புகள் அனுப்பினோம் என்று கணனிக்குத் தெரிந்தால் வெட்டலகு எங்கே நிற்கின்றது என்பதும் அதற்குத் தெரியும். அன்றேல், தெரியும் என்று அது நம்பும்.

எண்களைக் கொண்டு இயந்திரத்தை நடத்தும் இவ்வித்தை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்டர் சுழலிகளின் உறுப்புகளை உற்பத்தி செய்த ஜோன் பார்சன்ஸ் என்பவரின் முயற்சியில் முளைவிட்டது. அவருக்கு 1949 இல் அந்நாட்டு விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடத்தில் 1952 ஆம் ஆண்டில் அத்தகைய அரைவெட்டு இயந்திரம் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. அன்று கட்டளைகளைத் தாங்கியது துளையிட்ட கடதாசி நாடா. நாடாவின் இடத்தைக் கணனி பெற்றதும், பெருந் தொழிற்சாலைகளில் மட்டும் இருந்த இயந்திரம் படிப்படியாகச் சிறு பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. எழுபது ஆண்டுகளில் அது நீர்வேலியின் வாழைத்தோட்ட ஓரத்துக்கும் வந்துவிட்டது.

செதுக்கும் வேலையை இயந்திரம் தானே செய்யும். அதற்குமுன் வெட்டலகைப் பலகையின் குறித்த மூலைக்குக் கொண்டுவந்து, 'இங்கிருந்து தொடங்கு' என்று காட்ட வேண்டியது மனிதனின் வேலை. அவ்வாறு கையால் நகர்த்துவதை 'ஜொக்' பண்ணுதல் என்பர். பட்டறையிலும் அச்சொல்லே வழங்குகின்றது. அதற்கு அங்கே இரு வழிகள் இருந்தன. விசைப்பலகையின் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால், பிடித்திருக்கும் வரை வெட்டலகு நகரும். நீண்ட வயரில் தொங்கும் கைச்சில்லைத் திருப்பினால், திருப்பிய அளவுக்கு நகரும். முந்திய வழியையே இளைஞன் கையாள்வது வழக்கம்.

சம்பவ நாளன்று பலகையில் இருந்தது அயலூர்க் கோயில் ஒன்றன் மண்டபக் கதவுக்கான தேக்குப் பலகை. கும்பாபிடேகத்துக்கு ஐந்து வாரங்களே இருந்தன. தாமரையின் பருவேலை முதல் நாள் முடிந்திருந்தது. நுண்வேலைக்காகச் சிறிய வெட்டலகு பூட்டப்பட்டிருந்தது. ஸ்பிண்டில் சுழலவில்லை. இளைஞன் அம்புக்குறியை அழுத்தி, வெட்டலகை மூலைக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தான். ஓடாவியார் மேசையின் மறுபக்கத்திற் குனிந்து, பலகையைப் பிடித்திருந்த இரும்புப் பிடியின் சுரையை முறுக்கிக்கொண்டிருந்தார். தூசுறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சலில் பாலம் நகரும் ஒலி அவர் செவியை எட்டவில்லை. மூலையில் நிற்க வேண்டிய வெட்டலகு நிற்காது தாமரைக்குட் புகுந்தது. இதழ்களை உடைத்துக்கொண்டு முறிந்தது. அதன்பின்னும் பாலம் நிற்கவில்லை. இரும்புப் பிடிக்கும் ஸ்பிண்டிலின் தாங்கிக்கும் இடையில் ஓடாவியாரின் இடக்கைச் சுட்டுவிரல் அகப்பட்டது.

அவர் எழுப்பிய ஓலத்தைக் கேட்டு ஓடிவந்த மகன் பிரதான ஆளியை இழுத்து நிறுத்தினார். இயந்திரத்துக்குச் சிவப்பு நிறுத்தப் பொத்தான் ஒன்று இருக்கவே இருந்தது. ஆனால், அது பின்புறத்து மின்பெட்டியின் மீது, நிற்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

"நான் கையை எடுத்திட்டன், அண்ணை. அது தானாப் போனது" என்றான் இளைஞன்.

"தானாப் போறதுக்கு அதென்ன மாடோ?" என்றார் மகன். தந்தையின் குருதியைக் கண்டவரின் சினம் அது. விசைப்பலகைக்கு முன் நின்றவன் அவன் ஒருவனே. கைத்தொலைபேசியில் நாட்டமுள்ளவன் என்ற பெயரும் முன்னரே இருந்தது. வேறு சாட்சியம் தேவைப்படவில்லை. அன்று மாலையே அவனுடைய நாட்கூலியைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டனர்.

நான்காம் நாள் காலை, புதிய வெட்டலகைப் பூட்டிவிட்டுத் திரும்பிய மகன் வியப்படைந்து நின்றார். விசைப்பலகையை எவரும் தொடவில்லை. கைச்சில்லு ஆணியிற் தொங்கியது. ஆயினும் பாலம் மெல்ல உதறி, ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நகர்ந்து நின்றது. திரையில் இருந்த எண்ணும் அவ்வளவே மாறியிருந்தது.

இத்தகைய கோளாற்றை ஆராய்பவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்நகர்வைத் திரை அறியுமா? இயந்திரம் நகர்ந்தும் திரையின் எண் மாறாதிருப்பின், கணனி அக்கட்டளையை இடவில்லை; கணனிக்கும் மோட்டருக்கும் இடையில் எங்கோ பொய்த்துடிப்பு ஒன்று புகுந்திருக்கின்றது. எண்ணும் சேர்ந்து மாறின், கட்டளை இட்டது கணனியே. யாரோ அல்லது எதுவோ தன்னைக் கேட்டதாக அது எண்ணியிருக்கின்றது. இங்கே எண் மாறியிருந்தது. ஆகவே, கணனியின் காதில் விழுந்தது என்ன என்பதே ஆராயப்பட வேண்டியதாயிற்று.

அதற்கு முதற் துப்பைக் கொடுத்தவர், கணனியைத் தொட்டும் அறியாத ஓடாவியார். கட்டுப்போட்ட விரலுடன் வாங்கில் அமர்ந்திருந்த அவர், "பின் வளவு மோட்டர் போடேக்கை எல்லாம் இது ஒருக்கா உதறுது, மோனை" என்றார். வாய்க்காலில் நீர் பாயும் ஓசையை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த செவி அது. மகன் தோட்டக்காரரிடம் சென்று, மோட்டரைப் போட்டும் நிறுத்தியும் காட்டுமாறு வேண்டிக்கொண்டார். ஐந்து முறை போட்டபோது மூன்று முறை திரையின் எண் மாறியது. கைச்சில்லின் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் ஐந்து முறை போட்டபோது ஒருமுறையேனும் மாறவில்லை.

காரணம் இதுவே. கைச்சில்லைத் திருப்பும்போது அதனுள்ளிருந்து இரண்டு மின்குறிகள் மாறிமாறி எழும்; எது முந்துகின்றது என்பதைக் கொண்டு திசையையும், எத்தனை எழுந்தன என்பதைக் கொண்டு தூரத்தையும் கணனி அறிந்துகொள்ளும். அக்குறிகளைக் கொண்டுவந்த வயர், காப்புறை இல்லாதது. ஸ்பிண்டிலுக்கு மின் கொண்டுசெல்லும் தடித்த வயருடன் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தது. தோட்டத்து மோட்டர் தொடங்கும்போது மின்வழியில் எழும் அதிர்ச்சி அவ்வயரில் தொற்றி, சில்லுத் திரும்பியது போன்ற பொய்க்குறியைத் தோற்றுவித்தது. அத்துடன் பட்டறையின் புவித்தொடுப்பும் வலுவிழந்திருந்தது. மெல்லிய செம்மண்ணின் கீழ்ச் சுண்ணாம்புப் பாறை கிடக்கும் இந்நிலத்தில், மழையற்ற மாதங்களில் மண் காய்ந்துவிடப் புவித்தொடுப்புக் கோலின் பயன் குன்றிவிடுகின்றது. தோட்டக்காரன் நீர் இறைக்க வேண்டிய பருவமும் அதுவே.

காப்புறையுள்ள புதிய வயர் வாங்கப்பட்டது; ஸ்பிண்டில் வயரிலிருந்து அது பிரித்து இடப்பட்டது; காப்புறையின் ஒரு முனை மட்டும் புவியுடன் இணைக்கப்பட்டது. கோலும் ஆழமாக இறக்கப்பட்டது. மிகக் குறுகிய குறிகளைப் பொருட்படுத்தாதிருக்குமாறு மென்பொருளும் திருத்தப்பட்டது. உதறல் அற்றுப்போயிற்று. காரணம் கண்டாயிற்று என்று மகன் நிம்மதியடைந்தார்.

பெரும்பாலான ஆராய்ச்சிகள் நிறுத்தப்படும் இடம் இதுவே. ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. அது மெய்யான விளக்கமுங்கூட. ஆனால், அன்று மாலை பட்டறைக்கு வந்த ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர், தொழினுட்பம் கற்பித்த பழக்கத்தால் ஒரு கேள்வி கேட்டார்:

"விபத்தண்டு இது எவ்வளவு தூரம் போனது?"

உடைந்த இதழிலிருந்து மூலை வரை அளந்து பார்த்தனர். முப்பத்திரண்டு சென்ரிமீற்றர்.

"மோட்டர் போட்டால் ரெண்டு மில்லிமீற்றர். அண்டைக்கு முப்பத்திரண்டு சென்ரிமீற்றர். இது வேறை, அது வேறை" என்றார் மாஸ்ரர். பின்னர், "பெடியன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

இளைஞனை எவரும் கேட்டிருக்கவில்லை. அவன் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது உண்மை. ஆனால், அது ஒரு சாக்காகக் கொள்ளப்பட்டதேயன்றிச் சாட்சியமாகக் கொள்ளப்படவில்லை. தமிழ் கற்போர்க்கு இவ்விடத்திற் பாண்டியன் அவை நினைவுக்கு வருதல் இயல்பு. சிலப்பதிகாரத்து மன்னன் கொடியவன் அல்லன். சிலம்பு காணாமற் போனமை பொய்யன்று. கோவலன் கையிற் சிலம்பொன்று இருந்தமையும் பொய்யன்று. அச்சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாராமற் போனதே அவன் செய்த பிழை. பட்டறையிலும் இளைஞன் விசைப்பலகை முன் நின்றமை உண்மை. அவன் விரல் அக்கணத்தில் விசையின் மீது இருந்ததா என்று எவரும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஓடாவியாரும் மகனும் இளைஞனின் வீட்டுக்குச் சென்றனர். தாயார் வாசலில் நின்றார். "பிழை எண்டு சொல்லித்தானே அனுப்பினியள்? இப்ப என்னத்துக்குக் கூப்பிடுறியள்?" என்றார். அதற்கு மகனிடம் மறுமொழி இருக்கவில்லை. ஓடாவியாரே பேசினார்: "பிழை ஆரிலை எண்டு தெரியாமல் சொல்லிப்போட்டம், பிள்ளை. தெரிஞ்சுகொள்ளத்தான் வந்தனாங்கள்." இளைஞன் உடனே உடன்படவில்லை. மறுநாட் காலையிற் பட்டறைக்கு வந்தான். ஆயினும் உள்ளே செல்லாது வாசற்படியில் நின்றே பேசினான்.

"அம்புக்குறியை அமத்திக்கொண்டு நிண்டனான். மூலைக்கு வாறநேரம் திரையிலை ஒரு பெட்டி வந்தது. என்னவோ புதுசாப் போடவேணும் எண்டு கேட்டது. நான் கையை எடுத்திட்டு, அதை மூட மவுசைப் பிடிச்சன். பிறகுதான் ஐயா கத்தினவர்."

மாஸ்ரருக்கு அதுவே போதுமாயிருந்தது. விசைப்பலகை கணனிக்குச் சொல்லுவன இரண்டு: 'இவ்விசை அழுந்தியது' என்பது ஒன்று, 'இவ்விசை விடுபட்டது' என்பது மற்றொன்று. இடைப்பட்ட நேரம் முழுவதும் விசை அழுந்தியிருப்பதாகவே மென்பொருள் கொள்ளும். இச்செய்திகளைக் கணனி எல்லா மென்பொருள்களுக்கும் பகிர்ந்தளிப்பதில்லை. அக்கணத்தில் திரையில் முன்னிற்கும் சாளரம் எதுவோ அதற்கே கொடுக்கும். அழுந்திய செய்தி இயந்திரத்தை ஆளும் மென்பொருளிடம் சென்றது. அதன்பின் அறிவித்தற் பெட்டி முன்வந்து நின்றது. விடுபட்ட செய்தி அப்பெட்டியிடம் சென்றது. பெட்டிக்கு அதனாற் பயனில்லை; தேவைப்பட்ட மென்பொருளுக்கோ அது கிடைக்கவில்லை. இளைஞன் கை எடுத்த பின்னும், அவன் கை விசையின் மீது இருப்பதாகவே இயந்திரம் நம்பி ஓடிற்று. செக்கனுக்கு இரண்டு சென்ரிமீற்றர் வேகத்தில் முப்பத்திரண்டு சென்ரிமீற்றர் செல்லப் பதினாறு செக்கன்கள் போதும். ஒரு பெட்டியை வாசித்து மூடுவதற்கும் அவ்வளவு நேரம் தேவைப்படும். திரையிலிருந்த நிறுத்தக் குறியையும் அப்பெட்டியே மறைத்து நின்றது.

பதினோராம் நாள் சோதனை நடைபெற்றது. பலகை அகற்றப்பட்டது, வெட்டலகு கழற்றப்பட்டது, பிரதான ஆளியருகில் மகன் நின்றார், மேசையருகில் எவரும் நிற்கவில்லை. குறித்த நேரத்தில் ஒரு பெட்டி தோன்றுமாறு மாஸ்ரர் ஒழுங்கு செய்திருந்தார். இளைஞன் அம்புக்குறியை அழுத்தினான், பெட்டி தோன்றியது, எல்லோரும் காண அவன் இரு கைகளையும் உயர்த்தினான். பாலம் ஓடிக்கொண்டேயிருந்தது. மூன்று முறை செய்தனர். மூன்று முறையும் அவ்வாறே ஓடிற்று.

உலகம் இத்தகைய பாடத்தை முன்னரும் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கின்றது. தெராக் 25 என்னும் கதிர்ச்சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்க்கு அளவுகடந்த கதிர்வீச்சைச் செலுத்திற்று; அவர்களுட் சிலர் மாண்டனர். அதற்கு முந்திய மாதிரிகளில் மின்பொறிக் காப்புகள் இருந்தன; புதியதில் அக்காவற் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது. உற்பத்தியாளரின் பொறியியலாளர்களாற் கோளாற்றை மீளத் தோற்றுவிக்க இயலவில்லை. டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986 ஆம் ஆண்டு, இயந்திரத்தை இயக்கிய பெண் தான் செய்தவற்றை நினைவுகூர்ந்து திரும்பச் செய்து காட்ட, மருத்துவப் பௌதிகவியலாளர் பிரிட்ஸ் ஹேகர் உடனிருந்து அதனைக் கண்டறிந்தார். விரைவாகத் தட்டச்சுச் செய்து பழகிய அவருடைய கை, பதிந்த தவறொன்றை எட்டுச் செக்கன்களுக்குள் திருத்தியபோது மட்டுமே அக்கோளாறு தோன்றிற்று. அருகில் நின்றவரின் நினைவு, எந்தக் கருவியும் பதிந்துவைக்காத சான்றாக அமைந்தது. நீர்வேலி இளைஞனின் நினைவும் அத்தகையதே. அதனைக் கேட்பதற்குத்தான் பத்து நாட்கள் சென்றன.

சோதனை முடிந்தபின் ஓடாவியார் சுவரிலிருந்த உளி ஒன்றை எடுத்து, மரத்துண்டில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார். "கை நிண்டால் உளி நிக்கும். இதுக்கு, நில் எண்டு சொல்லவும் ஆள் வேணுமோ?" என்று கேட்டார்.

எளிய மனிதரின் வினாவாயினும், பொறியியலின் நடுவில் நிற்கும் வினா அது. உளி நகர்வதற்கே முயற்சி வேண்டும். நிற்பதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. அன்றைய இயந்திரத்துக்கோ ஓடுவதற்கு ஒரு செய்தியும் நிற்பதற்கு இன்னொரு செய்தியும் வேண்டியிருந்தன. செய்தி எதுவும் வழியில் தொலையக்கூடியது. தொலையும் செய்தி நிறுத்தும் செய்தியாக இருப்பின் ஆபத்து அங்கே பிறக்கின்றது. ஆதலால், நல்ல அமைப்பில் மௌனமே நிறுத்தமாக இருத்தல் வேண்டும். புகையிரத எஞ்சின்களிற் சாரதி கையையோ காலையோ எடுத்துவிட்டால் தானே தடை விழும் பொறி அமைக்கப்பட்டமை இக்கருத்திலேயாம். நோர்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ரூட் 2009 இல் தொடக்கி இலவசமாக வெளியிட்ட கிறிபில் என்னும் கட்டுப்பாட்டு மென்பொருளின் பிற்காலப் பதிப்பிலும் ஜொக் நகர்வு தனியொரு நிலையாக வகுக்கப்பட்டுள்ளது. கை பிடித்திருக்கும் வரை சிறு சிறு தூரங்களாகவே கட்டளைகளை அனுப்பலாம். அவை நின்றால் நகர்வும் சிறிது தூரத்தில் நின்றுவிடும். வரிசையிற் காத்திருப்பவற்றை ஒரே குறியால் அழித்து உடனே நிறுத்தவும் அதில் வழியுண்டு.

ஆபத்து நிறுத்தத்துக்கும் இதுவே நெறி. இயந்திரங்களின் மின்னமைப்புப் பற்றிய சர்வதேச நியமம் நிறுத்தங்களை மூவகையாக வகுக்கின்றது. மின்னை உடனே துண்டித்தல் முதல் வகை. கட்டுப்பாட்டுடன் நிறுத்தியபின் மின்னைத் துண்டித்தல் இரண்டாம் வகை. மின் இருக்கவே நிறுத்திவைத்தல் மூன்றாம் வகை. ஆபத்து நிறுத்தத்துக்கு முதலிரு வகைகளே ஏற்புடையன. பட்டறையின் சிவப்புப் பொத்தானைத் திறந்து பார்த்தபோது, அது மின்னைத் துண்டிக்கவில்லை என்பதும் கணனிக்கு ஒரு செய்தி அனுப்புவதோடு நின்றது என்பதும் தெரியவந்தன. தவறிய மென்பொருளிடமே, தவறிவிட்டாய் என்று முறையிடும் பொத்தான் அது.

காரணங்கள் இரண்டும் வெளிப்பட்டதும் இளைஞனை மீண்டும் வேலைக்கு வருமாறு மகன் கேட்டார். அவன் சற்று நேரம் யோசித்தான். "சிவப்புப் பொத்தானை முன்னுக்கு வையுங்கோ, அண்ணை. பிறகு வாறன்" என்றான்.

பொத்தான் முன்னால் வந்தது. அழுத்தினால் மோட்டர்களுக்குச் செல்லும் மின்னே துண்டிக்கப்படுமாறு அது மாற்றப்பட்டது. மின் அற்ற நிலையில் ஸ்பிண்டில் தன் நிறையாற் கீழிறங்காதிருக்கத் தடையொன்றும் பொருத்தப்பட்டது. கணனி இயந்திரத்துக்கு மட்டும் உரியதாக்கப்பட்டு, இணையத் தொடர்பும் அறிவித்தல்களும் நிறுத்தப்பட்டன. அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் ஒரு மில்லிமீற்றர் மட்டுமே நகரும்படி மாற்றினர். நீண்ட தூரத்துக்குக் கைச்சில்லைப் பயன்படுத்துகின்றனர். மேசைக்குள் எவர் கை போவதாயினும் முதலில் மோட்டர்களின் மின் நிறுத்தப்பட வேண்டும் என்பது பட்டறையின் விதியாயிற்று. வேலையிழந்திருந்த பதினொரு நாட்களுக்குமுரிய கூலியும் இளைஞனுக்குக் கொடுக்கப்பட்டது. ஓடாவியார் அதனை அவன் தாயாரிடமே கொண்டுசென்று கொடுத்தார்.

உடைந்த இதழ்களை இயந்திரத்தாற் சரிசெய்ய இயலவில்லை. ஓடாவியார் அவ்விடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, அதே தேக்கின் துண்டொன்றைப் பொருத்தி, தையல் பிரித்த விரலுடன் இரண்டு இதழ்களையும் கையாற் செதுக்கினார். கும்பாபிடேகத்துக்கு முன்னரே கதவு பூட்டப்பட்டது. மரத்தின் நார் ஓடும் திசையை உற்றுநோக்குபவருக்கு மட்டும் வேறுபாடு தெரியும்.

இப்போது இயந்திரத்தின் அருகில் கொப்பி ஒன்று தொங்குகின்றது. இயந்திரம் எதிர்பாராது நகர்ந்தால் எழுத வேண்டியவை அதன் முதற் பக்கத்திற் குறிக்கப்பட்டுள்ளன: நேரம், தூரம், திரையின் எண் மாறியதா, அயலில் மோட்டர் ஓடியதா, கை எங்கே இருந்தது, அருகில் நின்றவர் என்ன கண்டார். இவற்றுள் இறுதியானது பின்னர் சேர்க்கப்பட்டதாதலின் வேறு மையில் உள்ளது. பல்கலைக்கழகங்களில் ஆய்வு முறை பற்றிப் பேசும் நாம், சுவடியையும் கல்வெட்டையும் ஆராயும்போது எழுப்பும் வினாக்களும் இவற்றுக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஒரு விளக்கம் கிடைத்ததும் அமைதியுறாது, அவ்விளக்கம் நிகழ்ச்சியின் முழு அளவையும் தாங்குகின்றதா என்று அளந்து பார்க்குமிடத்தே ஆய்வு தொடங்குகின்றது. அவ்வாறு அளவாதவிடத்து அதன் விலையைச் செலுத்துபவன், பெரும்பாலும் பேச இடமளிக்கப்படாதவனாகவே இருப்பான்.